டுகாட் எதிர்பார்த்த சிலை



இளையோர் குழுவில் ஒருவர் ஒரு தொலைக்காட்சித் தொடரை வைத்து என்னிடம் கேள்வி கேட்டார். ‘ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற அந்த அமெரிக்க விண்வெளித் தொடர் 1993 முதல் 1999 வரை ஒளிபரப்பானது. அதில் வரும் குல் டுகாட் உண்மையிலேயே தீயவனா என்பதே கேள்வி. விண்வெளிக் கதைக்கும் மறையுரைக்கும் என்ன தொடர்பு என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். மனிதர் தீயவர் ஆவது எப்படி என்பதைத்தான் அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறார்.

கதை இதுதான். பஜோர் என்னும் கோளைக் கார்டாசியர் என்ற வேற்றினத்தார் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிடித்து வைத்திருந்தார்கள். கட்டாய உழைப்பு முகாம்கள், பட்டினி, கொலைகள். ‘குல்’ என்பது அவர்களுடைய படைப் பதவி. அந்த ஆக்கிரமிப்பின் இறுதி ஆண்டுகளில் பஜோரை ஆண்டவன் டுகாட்.

பார்த்தால் கொடியவன் போலத் தெரியாது. நடிகர் மார்க் அலைமோ அவனுக்கு மென்மையான குரலையும் இனிய சிரிப்பையும் கொடுத்திருக்கிறார். பஜோர் பெண் ஒருத்தியிடம் அவனுக்குப் பிறந்த மகள் ஸியால். தன் பதவிக்கு அவளால் கேடு வரும் என்று அவளைக் கொல்லப் போனவன், நேரில் கண்டதும் முடியாமல் கட்டி அணைத்துக்கொள்கிறான். அந்தப் பாசம் பொய்யல்ல. பார்த்தவர்கள் பலர் அவன்மேல் இரக்கப்பட்டதில் வியப்பில்லை.

1998இல் வந்த ‘வால்ட்ஸ்’ என்ற பகுதிக்கு வருவோம். மகள் இறந்து, மனம் குலைந்த டுகாட், காயம்பட்ட கேப்டன் சிஸ்கோவோடு ஒரு குகையில் இருக்கிறான். “நான் தீயவன் அல்ல” என்று சிஸ்கோ வாயால் கேட்கவேண்டும் என்பதே அவன் ஏக்கம். கணக்கைத் திறக்கிறான். முகாம்களின் வேலைப்பளுவைப் பாதியாகக் குறைத்தானாம், சிறுவர் உழைப்பை நிறுத்தினானாம், உணவைக் கூட்டினானாம்; ஒரே மாதத்தில் சாவு 20 சதவீதம் குறைந்ததாம். பதிலுக்கு அந்த மக்கள் குண்டு வைத்து 200 கார்டாசியரைக் கொன்றார்கள். அவன் 200 பஜோர் மக்களைப் பிடித்துக் கொன்றான். உயிருக்கு உயிர், கணக்குச் சரி! பேச்சு வளர வளரச் சிரிப்பு கழன்று விழுகிறது. அவர்கள் எல்லாரையுமே கொன்று, அந்தக் கோளையே கல்லறையாக்கியிருக்க வேண்டும் என்று கத்துகிறான்.

பித்துப் பிடித்தவன் பேச்சுக்குப் பொறுப்பு உண்டா? நியாயமான கேள்வி. சாவான பாவத்துக்குக் கனமான பொருள், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும் என்கிறது திருச்சபை. குகையில் அவனுக்கு அறிவு தெளிவாக இல்லை. ஆனால் அந்த 200 பேரைக் கொல்ல ஆணையிட்டபோது அவன் பித்தனாக இல்லை. பதவியில், நிதானமாக இருந்தான்.

கடைசியில் சிஸ்கோ, உலகில் உண்மையான தீமை இருக்கிறது என்ற முடிவுக்கு வருகிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். புனித அகுஸ்தீனார் இளமையில் மானிக்கேயரோடு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இருந்தவர். தீமை என்பது தனியொரு சக்தி என்பது அவர்கள் கொள்கை. அதை விட்டு வெளியே வந்த பிறகு, தீமை என்பது இருக்க வேண்டிய நன்மை இல்லாமற்போவது என்றார் அவர். துணியில் விழுந்த ஓட்டை மாதிரி. டுகாட்டின் இயல்பு தீயதல்ல, அவன் கடவுளின் படைப்பு. அவன் விருப்பம்தான் கெட்டது, அதைக் கெடுத்தவனும் அவனே. தொடரின் இறுதியில் ஏதோ தீய ஆவி புகுந்து அவன் கண்கள் சிவக்கின்றன. அதுதான் எனக்குப் பிடிக்காத பகுதி. சிவந்த கண்களைப் பார்த்து யாரும் தன்னை அடையாளம் காணமாட்டார்.

லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஆலயத்தில் நின்ற பரிசேயர் சொன்ன நோன்பும் பத்தில் ஒரு பங்கும் பொய்யல்ல. டுகாட் சொன்ன உணவும் பொய்யாக இருக்கவேண்டியதில்லை. பஜோரில் தனக்கு ஒரு சிலைகூட வைக்கவில்லையே என்று அவன் மனதார வருந்துகிறான். அடிமைப்படுத்தியவரிடமே நன்றியை எதிர்பார்க்கிறான். “கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேனே, இப்படிப் பேசுகிறாளே” என்று வீட்டு வேலைக்காரம்மாவைப் பற்றிச் சொல்லும்போது நமக்கும் அந்தச் சிலை வேண்டியிருக்கிறது. ஒப்புரவு அருளடையாளத்துக்கு நாம் கொண்டுவரும் பட்டியல்களில் நன்மைகளே நீளமாக இருக்கின்றன. குருக்களும் இதற்கு விலக்கல்ல.

அதே தொடரில், 1993இல் வந்த ‘டூயட்’ என்ற பகுதியில், மரிட்சா என்றொரு கார்டாசியர் வருகிறார். காலிடெப் முகாமில் வெறும் கோப்பு எழுத்தர். யாரையும் கொன்றவர் அல்ல. இரவில் கேட்ட அலறலுக்குக் காதைப் பொத்திக்கொண்டவர், அவ்வளவுதான். அதைத் தாங்க முடியாமல், இறந்துபோன முகாம் தலைவனின் முகத்தை அறுவை சிகிச்சையால் தனக்கு மாற்றிக்கொண்டு, அவன் குற்றங்களுக்காகத் தன்னைத் தண்டிக்கட்டும் என்று வந்து அகப்படுகிறார். பஜோர் அதிகாரி கீரா உண்மையை அறிந்து, அழுகிற அவரை விடுவிக்கிறார். வெளியே நடந்து போகும்போது பஜோர்க்காரர் ஒருவர் அவரைக் குத்திவிடுகிறார். இவர் அந்தத் தலைவன் இல்லையே, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, கார்டாசியன் என்பதே போதுமான காரணம் என்கிறார் குத்தியவர்.

கார்டாசியர் முகாம்களின் கொடுமையை நேரில் கண்டவர் கீரா. இறந்து கிடப்பவரைத் தாங்கியபடி, இல்லை, போதாது என்கிறார்.