விடுதிக்குள் ஒரு கலைக்கூடம்

  

ஓவியமும் சிற்பமும் காணச் செல்பவர், காட்சிச்சாலை திறக்கும் நேரத்திற்குச் சென்று, மூடும் நேரத்தில் வெளியேற வேண்டும். கலையின் நடுவே உண்டு, உறங்கி, விழித்தெழும் பேறு அவருக்கு வாய்ப்பதில்லை. அப்பேற்றை வழங்கும் விடுதியொன்று, 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் திறக்கப்பட்டது. '21சி அருங்காட்சியக விடுதி' என்பது அதன் பெயர். இருபத்தொன்றாம் நூற்றாண்டின் கலைக்கு உரியது என்பதையே அப்பெயர் சுட்டுகிறது.

ஒஹாயோ ஆற்றை ஒட்டிய மெயின் தெரு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகம் செழித்த இடம். புகையிலையும் போர்பன் விஸ்கியும் அங்கிருந்த கிடங்குகளில் நிறைந்திருந்தன. காலப்போக்கில் நகரம் புறநகரை நோக்கிப் பரவியது, விளைநிலங்கள் மனைகளாயின, நகரின் நடுப்பகுதி பொலிவிழந்தது. கலைப்பொருள் சேகரிப்பாளர்களான லாரா லீ பிரவுன், ஸ்டீவ் வில்சன் தம்பதியர் இதனை எண்ணிக் கவன்றனர். நடுநகர் மீண்டும் உயிர்பெற்றால் விளைநிலமும் பிழைக்கும் என்பது அவர்கள் கருத்து. பழைய கட்டடங்கள் ஐந்தினை அவர்கள் ஒன்றிணைத்தனர். டெபோரா பெர்க் என்னும் கட்டடக்கலைஞர் அவற்றை விடுதியாக உருமாற்றினார்.

அங்குள்ள கலைக்கூடத்திற்குக் கட்டணம் இல்லை. அறை எடுத்தவர், எடுக்காதவர் என்ற வேறுபாடும் இல்லை. எவரும் நுழையலாம். சிவப்பு நிறப் பென்குயின் சிற்பங்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்று உணவுக்கூடத்தில் நின்றது, நாளை அறை வாயிலில் விருந்தினரை எதிர்கொள்ளும்.

இலக்கிய அன்பர்கள் அறிந்து மகிழத்தக்க படைப்பு ஒன்றும் அங்கே இடம்பெற்றது. கமில் அட்டர்பேக், ரோமி அகிதுவ் ஆகிய இருவரும் 1999இல் உருவாக்கிய 'எழுத்து மழை' அது. திரையின்முன் நிற்பவரின் உருவம் திரையில் தோன்றும். கவிதையொன்றின் எழுத்துகள் மேலிருந்து மழையெனப் பொழியும். நீட்டிய கைமீது அவை தங்கும். கையை விலக்கினால் கீழே விழும். பொறுமையுடன் ஏந்தி நிற்பவருக்கே சொல் கிட்டும். சில வேளை ஒரு தொடரும் கிட்டும். வாசிப்பு என்பதே அதுதானே!

எனினும், இவ்வரலாற்றிற்கு மறுபக்கமும் உண்டு. இதே நிறுவனம் 2012இல் சின்சினாட்டி நகரின் மெட்ரோபோல் கட்டடத்தில் மற்றொரு விடுதியைத் திறந்தது. 1912இல் விடுதியாகவே எழுந்த அக்கட்டடம், பின்னாளில் வருவாய் குறைந்தோரின் குடியிருப்பாக இருந்தது. அவர்கள் வெளியேறிய பின்னரே அது மீண்டும் விடுதியாயிற்று. கலைக்கூடத்தின் கதவு இன்று அவர்களுக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. பார்த்துவிட்டுப் போகலாம், தங்க முடியாது.

பழைய சுவர்களைக் காப்பது நற்பணி. அங்கே கலையை வைத்து அனைவரையும் அழைப்பது அதனினும் நற்பணி. ஆனால், அச்சுவர்களுக்குள் வாழ்ந்தவர் எங்கே சென்றனர் என்று கேட்பதும் கலையை நேசிப்போர் கடமையே. அக்கேள்வியை மறவாத நகரிலேயே கலையும் நிறைவு பெறும்.