பேரனோடு ஊர் சுற்றினேன்

என்னோடு ஹாஸ்டல் சாம்பாரைச் சகித்துக்கொண்ட நண்பர்களே!

என் பேரனுக்கு வயது பதினைந்து. மதுரையிலேயே பிறந்தவன், ஆனால் ஊரில் ஒன்றும் பார்த்ததில்லை. விடுமுறையில் கூட்டிப் போனேன். நாயக்கர் மகாலில், "1636-ல் கட்டினதுடா, இப்ப மிச்சம் இருக்கிறது கால்வாசிதான்" என்று நான் விளக்க, பயல் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு துண்டு வாங்க மேலமாசி வீதி கதர்க் கடைக்குப் போனோம். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் அரையாடைக்கு மாறியது அந்த வீட்டு மாடியில்தான். ஏழை விவசாயிக்கு இடுப்புத் துணிக்கு மேல் இல்லையே என்ற வேதனை அவருக்கு. சொன்னதும் பயல் நிமிர்ந்தான்.

"தாத்தா, காலேஜ் படிக்கிறப்ப மேலே ஏறிப் பார்த்திருக்கீங்களா?"

இல்லை. மூன்று வருஷமும் அந்த வழியாகத்தான் நாம் சினிமாவுக்குப் போனோம்!

மறுநாள் காந்தி மியூசியத்துக்கு அவனே கூப்பிட்டான். 1948-ல் சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணி. வெகுநேரம் நின்றான்.

"இந்த உடுப்புக்கு மாறினதும் நம்ம ஊர்லதானே, தாத்தா?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

இப்போது நாம் படித்த கல்லூரியையும் பார்க்கணும் என்று வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். நண்பர்களே, பழைய கதைகளைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்!