மூன்றாவது கொள்ளைநோய்

(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



எயிட்ஸ் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டபோது, எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். அதெல்லாம் மாணவிகளின் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே, இந்த நோய் வந்தவர்களை உலகம் எப்படி நடத்தவேண்டும் என்று நெறி வகுத்த சிலரைப் பற்றிச் சொல்கிறோம்.

ஜொனதன் மான் என்ற அமெரிக்க வைத்தியர் 1984இல் அன்றைய சயர் நாட்டின் தலைநகரான கின்ஷாசாவுக்கு எயிட்ஸ் ஆய்வுக்காகப் போனார். அங்கே பிலா கபிதா போன்ற உள்ளூர் வைத்தியர்கள் தங்கள் வாட்டுகளில் அந்த நோயாளரை ஏற்கனவே கண்டுகொண்டிருந்தார்கள். ஆண்களும் பெண்களும் ஏறக்குறையச் சம அளவில் வந்தார்கள். மேலைநாடுகளில் இது ஓரினச்சேர்க்கை ஆண்களின் நோய் என்று பேசப்பட்ட காலம் அது.

1986இல் உலக சுகாதார ஸ்தாபனம் மானை ஜெனீவாவுக்கு அழைத்தது. உலக எயிட்ஸ் திட்டம் அவரும் ஒரு செயலாளருமாகத் தொடங்கி, சில ஆண்டுகளில் அந்த ஸ்தாபனத்தின் மிகப்பெரிய திட்டங்களுள் ஒன்றாயிற்று. அன்றைய பணிப்பாளர் நாயகம் மாலர் இந்த நோயை ஆரம்பத்தில் பெரிதாக எடுக்கவில்லை. பின்னர் அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். பெரிய கதிரையில் இருப்பவர்கள் அடிக்கடி செய்கிற காரியமல்ல அது.

1987 ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் எயிட்ஸ் பற்றிப் பேசப்பட்டது. ஒரு நோய் அந்தச் சபையின் விவாதத்துக்கு வந்தது அதுவே முதற்தடவை. அங்கே மான் மூன்று கொள்ளைநோய்களைப் பற்றிச் சொன்னார். முதலாவது, வெளியே தெரியாமல் பரவும் எச்.ஐ.வி. தொற்று. இரண்டாவது, ஆண்டுகள் கழித்து வரும் எயிட்ஸ். மூன்றாவது, இவற்றுக்குச் சமூகம் காட்டும் எதிர்வினை: பயம், பழி, ஒதுக்கல். நோயைப் போலவே அந்த மூன்றாவதும் முக்கியமானது என்றார்.

அப்போது நிலைமை எப்படியிருந்தது? கியூபா தொற்றுள்ளவர்களைத் தனி விடுதிகளில் அடைத்தது. அமெரிக்கா 1987இல் அவர்களின் வருகைக்கு விதித்த தடை 2010 வரை நீங்கவில்லை. பிரித்துவை, பதிவு செய், அறிவி என்பதே தொற்றுநோய் என்றவுடன் எங்களுக்கும் முதலில் கற்பிக்கப்பட்டது. மானின் வாதம் இரக்கத்தில் மட்டும் நின்றதல்ல. தண்டித்தால் ஆட்கள் ஒளிப்பார்கள், ஒளித்தால் பரிசோதனைக்கு வரமாட்டார்கள், தொற்று பரவும். 1988இல் உலக சுகாதார மாநாடு பாகுபாட்டுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. புதிய பணிப்பாளர் நாயகத்துடன் ஒத்துப்போக முடியாமல் 1990இல் மான் பதவி விலகினார். 1998இல் விமான விபத்தொன்றில், தடுப்பூசி ஆய்வாளரான மனைவி மேரி லூவுடன் இறந்தார்.

டிசம்பர் 1ஐ எயிட்ஸ் தினமாக்கியவர்களும் அந்த அலுவலகத்தில் இருந்தவர்களே. ஜேம்ஸ் பன், தோமஸ் நெற்றர் என்ற இரு தகவல் அதிகாரிகள். தேர்தல் செய்திகள் ஓய்ந்து, நத்தார் இன்னும் வராத நாள் என்பதால் பத்திரிகைகளில் இடம் கிடைக்கும் என்று கணக்கிட்டார்களாம்!

ஜெனீவாவில் மட்டும் கொள்கை உருவாகவில்லை. உகண்டாவின் நொரீன் கலீபா பிசியோதெரபி கற்பித்தவர். இரத்தம் ஏற்றியதால் தொற்றிய கணவர் 1987 ஜனவரியில் இறந்தார். மற்றவர்கள் எப்படி விலகினார்கள் என்பதைக் கண்ட அவர், அதே ஆண்டில் சில நண்பர்களோடு 'டாசோ' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்களில் பலருக்கும் தொற்று இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பராமரிப்பது, உட்கார்ந்து கதைப்பது, இவைதாம் அவர்களது வேலை. மருந்தே இல்லாத காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது வாட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். பின்னர் அவர் ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பிலும் பணியாற்றினார். தொற்றுள்ளவர்கள் கொள்கை வகுக்கும் மேசையில் அமரவேண்டும் என்று 1994இல் பரிஸில் 42 நாடுகள் ஒப்பமிட்டதற்கு, இப்படிப்பட்டவர்கள் ஏற்கனவே செய்துகாட்டியதே பலம்.

நம் நாட்டில் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவது ஒழிக்கப்பட்டதாக 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. கர்ப்பிணிகளைப் பரிசோதனைக்கு அனுப்பிய குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு அதில் பெரும் பங்குண்டு. அரச சிகிச்சை நிலையங்களில் மருந்தும் இலவசம். ஆனாலும் தன் ஊர் நிலையத்தைத் தாண்டி, இரண்டு பஸ் மாறி வேறு மாவட்டத்துக்கு வருபவர்களை நாங்கள் காண்கிறோம். கடைக்காரரின் மகள் அங்கே தாதியாக இருப்பாள் என்ற பயம்.

2016இல் இந்நாட்டில் ஒரு சிறுவனுக்கு எச்.ஐ.வி. என்று வதந்தி எழுந்தது. பாடசாலைகள் அவனைச் சேர்க்க மறுத்தன. அவனுக்குத் தொற்றே இருக்கவில்லை. இருந்திருந்தாலும் மறுப்பதற்குக் காரணம் இல்லை. ஒரே வாங்கில் இருப்பதாலோ, ஒரே போத்தலில் தண்ணீர் குடிப்பதாலோ இது தொற்றாது. இங்கே அதிபர்களாகவும் ஆசிரியைகளாகவும் இருக்கும் அக்காமார் பலர். அத்தகைய பிள்ளை நாளை உங்கள் அலுவலக வாசலில் நின்றால், பெற்றோர் சங்கம் என்ன சொல்லும், நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதை இன்றே கதைத்து வையுங்கள்.

தேநீருக்குப் பிறகு உயர்தர வகுப்புத் தங்கைமார் கேள்விகளைத் துண்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். பெயர் எழுதத் தேவையில்லை.