டென்ட் போட ஓரிடம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பாலம், கான்கிரீட்னு ஏதாவது பேசுவேன்னு நினைச்சா, ஊர் சுத்தறதைப் பத்திப் பேசறேங்கறியே" என்று செயலாளர் அண்ணன் கேட்டார். "அண்ணே, ஹாஸ்டல்ல நான் ஒழுங்காப் படிச்சது அது ஒண்ணுதான்" என்றேன். காசு கொடுக்காமல், யாருக்கும் தொந்தரவில்லாமல், பொது நிலத்தில் ஒரு ராத்திரி தங்க முடியுமா என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

அடையாறில் வளர்ந்தவன் நான். சின்ன வயதில் மே மாதம் கரண்ட் போனால் அப்பா ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு பெசன்ட் நகர் பீச்சுக்கு அழைத்துப் போவார். ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்தில் பத்துக் குடும்பங்களாவது படுத்திருக்கும். போலீஸ்காரர் விசில் ஊதும்வரை அது எங்கள் வீடு. கல்லூரிக்கு வந்த பிறகு அதே ஆசை பெரிதாகி மலை, ஏரி என்று கிளம்பினோம்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பேட்ச் நண்பன் ஒருவன் சொல்வான். அங்கே மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையிடம் இருக்கும் வெட்டவெளியில் பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை சும்மாவே டென்ட் போட்டுக்கொள்ளலாமாம். ஸ்வீடனில் அடுத்தவர் நிலத்தில்கூட வீட்டிலிருந்து தள்ளி ஓரிரு ராத்திரி தங்குவது வழிவழியாக வந்த உரிமை. ஸ்காட்லாந்தில் 2003-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். நம்மிடம் அப்படி எழுதி வைத்த உரிமை கிடையாது. ஆனால் வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. ராமேஸ்வரம் போகிறவர்களுக்காகத் தஞ்சை மராட்டியர் கட்டிய சத்திரங்கள் இன்னும் நிற்கின்றன. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தைப் பார்க்காதவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

சரி, பொது நிலம் எது? நாம் திட்டுவதற்கு வைத்திருக்கும் வார்த்தைதான் அதற்குப் பெயர்: புறம்போக்கு. வரி போடாமல், ஊர்ப் பொதுவுக்கென்று ஒதுக்கி வைத்த நிலம். மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று வகை வகையாக இருக்கிறது. அது எப்படி வசவானதோ தெரியவில்லை. 2017-ல் டி.எம். கிருஷ்ணா இந்தச் சொல்லையே எடுத்துப் பாடினாரே, அப்போதுதான் மயிலாப்பூரில் பலபேர் அர்த்தம் கேட்டார்கள். வருவாய்த் துறை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரம் வரும். அதில் நிலம் யாருடையது, எந்த வகை என்று இருக்கும். நாங்கள் படிக்கும்போது கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போய் டீ வாங்கிக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. இப்போதும் அவரையும் ஊராட்சித் தலைவரையும் பார்த்துச் சொல்லிவிட்டுத் தங்குவதே நல்லது. 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு ராத்திரிக்கு யாரும் அதைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள், ஆனால் ஊருக்குத் தெரியாமல் வந்தவனை ஊர் நம்பாது.

பதிவேடு சொல்லாத விஷயமும் உண்டு. மூன்றாம் வருஷம் ஐப்பசியில் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்குப் போனோம். பொட்டுத் தண்ணி இல்லை. உள்ளே சமதரையாக, கட்டாந்தரையாக அருமையான இடம். நாலு பேரும் சிவில், நாலு பேருக்கும் தோன்றவில்லை. மாடு ஓட்டி வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "தம்பிங்களா, இது தண்ணி வந்து படுக்கற இடம். நீங்க ஏன் படுக்கறீங்க?" என்றார். முனகிக்கொண்டே எடுத்துக் கரைமேல் போட்டோம். ராத்திரி இரண்டு மணிக்குப் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் நாங்கள் முதலில் டென்ட் போட்ட இடத்தில் முழங்காலளவு தண்ணீர். ஹைட்ராலஜியில் எனக்கு அந்த செமஸ்டர் நல்ல மார்க்!

இனிமேல் சொல்லப்போவதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். 2008 மார்ச்சில் நாங்கள் ஆறு பேர் ஒரு மலைக்குப் போனோம். காப்புக்காடு. அனுமதி வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்பது தெரியும், அலைய சோம்பல். 1882-ஆம் வருஷத்து வனச் சட்டப்படி காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதே குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். இடுப்பளவு காய்ந்த புல்லுக்கு நடுவில் மூன்று கல்லைக் கூட்டி நூடுல்ஸ் வைத்தோம். இரண்டு பேர் முதல் வருஷப் பையன்கள், என்னை நம்பி வந்தவர்கள். அன்றைக்குக் காற்று இல்லை. அவ்வளவுதான், வேறு காரணம் எதுவும் இல்லை.

பத்து வருஷம் கழித்து, 2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீப் பிடித்தது. சென்னையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் போயிருந்தவர்கள் அதில் சிக்கினார்கள். பலபேர் இளம்பெண்கள், ஐ.டி. கம்பெனிகளில் வேலை செய்தவர்கள். 23 பேர் இறந்துபோனார்கள். டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த முதல் வருஷப் பையன்கள் முகம்தான் வந்தது.

தீ சரிவில் எப்படி ஏறுகிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். சமதரையில் சுடர் நேராக எரியும். சரிவில் மேலே இருக்கும் புல்லின் பக்கம் சாயும், அதை முன்கூட்டியே காய வைத்துவிடும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆகவே மேலே ஓடி ஜெயிக்க முடியாது. புல் இல்லாத பாறை, ஏற்கெனவே எரிந்து தணிந்த கரி நிலம், இவைதான் ஓரளவு பாதுகாப்பு. இதை நாலு வருஷ படிப்பில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு 2018-லேயே அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு அனுப்புகிறார்கள். அது இலவசம் இல்லை, காட்டுத்தீக் காலத்தில் மூடியும் விடுகிறார்கள். "நம்ம காட்டுக்கு நாம ஏன் காசு கொடுக்கணும்?" என்று தம்பிகள் கேட்கிறார்கள். நானும் கேட்டவன்தான். அந்தப் பணத்தில் கூட வருகிறவர் பக்கத்துக் கிராமத்துக்காரர். எந்தப் பாறைக்குப் போனால் பிழைக்கலாம் என்று தெரிந்தவர். நான் கொடுத்துவிடுகிறேன்.

நகரத்துக்குள்ளே? 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் ஒரு வாரம் இரவு பகலாக ஆயிரக்கணக்கில் தங்கினோம். அந்த மணலில் இனி அப்படி ஒரு வாரம் கிடைக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை டென்டைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தேன். எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வீடு இருக்கச்சொல்லோ ஏன் தம்பி வெளிய போய்ப் படுக்கறே?" என்றார். அவர் வீடு அடையாற்றங்கரையில், புறம்போக்கில். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து காலையில் பஸ் பிடித்து வர முடியாமல் வேலையை விட்டுவிட்டார். அவர் கேட்டதற்கு நான் அன்றைக்குச் சிரித்து மழுப்பினேன். இன்றைக்குக் கேட்டாலும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

கடற்கரையில் ராத்திரி கழிக்க முறையான வழி ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் ஜனவரி முதல் சில மாதங்கள், கடல் ஆமைப் பாதுகாப்புக்கான மாணவர் அமைப்பு 1988-லிருந்து நீலாங்கரை–பெசன்ட் நகர் கரையில் ராத்திரி நடந்து முட்டைகளைச் சேகரிக்கிறது. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். பொரிப்பகத்தில் புதைத்தால் சுமார் 45 நாளில் குஞ்சு வரும். கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் நடை, டார்ச் அடிக்கக் கூடாது, காலில் மணல் ஏறும், தூக்கம் கெடும். டென்ட் தேவையில்லை.

வருகிற ஜனவரியில் சங்கத்திலிருந்து ஒரு குழு போகலாமென்று செயலாளர் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாடு முடிந்ததும் என்னைப் பாருங்கள். அந்த 2008 பையன்கள் இரண்டு பேரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் பெயர் அவர்களுடையது, கேட்காமலே எழுதிவிட்டேன்.