பாட்டிக்கு மார்பின் எழுதிட்டாங்க, பயப்படணுமா?

திருவக்கரைன்னா நம்மில் நிறைய பேருக்குக் கல்மரப் பூங்காவும் வக்கிரகாளியம்மன் கோயில் பௌர்ணமிக் கூட்டமும்தான் ஞாபகம் வரும். அந்த ஊர்லேர்ந்து சென்னைக்கு வேலைக்கு வந்த ஒருத்தர் நமக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவரோட பாட்டிக்குப் புற்றுநோய், எலும்பு வரைக்கும் பரவிடுச்சு. டாக்டர் மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார். ஆனா வீட்ல அதைப் பிரிக்கவே விடலை. "அது போதை மருந்துடா, கடைசிக் கட்டத்துல கொடுக்கறது"ன்னு மாமா சொல்லிட்டாராம். மாத்திரை அலமாரியில இருக்கு, பாட்டி ராத்திரி முழுக்க முனகிட்டு இருக்காங்க.

மாமா சொன்னதுல பாதி சரி. மார்பின் அபின்லேர்ந்து எடுக்கறதுதான். மூளையிலயும் தண்டுவடத்துலயும் வலியை அடக்கற இடங்கள்ல போய் ஒட்டிக்கிட்டு வேலை செய்யும். ஆனா அந்தக் "கடைசிக் கட்டம்"ங்கிறது தப்பு. புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986லயே ஒரு படிமுறை கொடுத்துச்சு. பாரசிட்டமால் மாதிரி மருந்துல ஆரம்பி, கேக்கலைன்னா அடுத்த படி, அதுவும் போதலைன்னா மார்பின். வலி எவ்வளவுங்கிறதுதான் அங்க கணக்கு, ஆயுள் எவ்வளவு மிச்சம்ங்கிறது இல்லை. மார்பின் சாப்பிட்டுக்கிட்டே மாசக்கணக்குல நடமாடறவங்க இருக்காங்க.

சாதாரண மார்பின் மாத்திரை சுமார் 4 மணி நேரம் தாங்கும். அதனால டாக்டர் எழுதின நேரப்படி கடிகாரம் பார்த்துக் கொடுக்கணும். "தாங்கலைன்னு சொல்லட்டும், அப்ப கொடுக்கலாம்"னு காத்திருந்தா, ஏறிப்போன வலியைத் துரத்திப் பிடிக்கறது கஷ்டம். முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் அடங்கிடும். அடங்காத ஒண்ணு மலச்சிக்கல். மார்பின் ஆரம்பிக்கற அன்னைக்கே மலமிளக்கியும் ஆரம்பிக்கணும். டாக்டர் எழுத மறந்திருந்தா, கூச்சப்படாம கேட்டு வாங்குங்க.

சரி, அடிமையாயிடுவாங்களா? உடம்பு பழகறது வேற, அடிமையாகறது வேற. சில வாரம் சாப்பிட்டுட்டு சட்டுனு நிறுத்தினா வியர்க்கும், நடுங்கும், வயித்தால போகும். அது உடம்பு பழகினதோட விளைவு, டாக்டர் படிப்படியா குறைச்சா சமாளிச்சிடலாம். கேடு வருதுன்னு தெரிஞ்சும் மருந்தைத் தேடி ஓடறதுதான் அடிமைத்தனம். அளவு பார்த்துக் கொடுக்கற புற்றுநோய் வலியில அது அரிது.

நிஜமா பயப்பட வேண்டியது மூச்சைப் பத்தி. அளவு மீறினா மார்பின் சுவாசத்தை மெதுவாக்கி நிறுத்திடும். தூக்க மாத்திரையோ மதுவோ கூடச் சேர்ந்தா ஆபத்து இன்னும் அதிகம். கிட்னி பழுதானவங்களுக்கு மருந்து உடம்புலயே தங்கும், அதை டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும். எழுப்பினாலும் எழுந்திருக்கலை, மூச்சு ரொம்ப மெதுவா வருது, கண்ணோட கருமணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்குன்னா உடனே 108. நலாக்சோன்னு மாற்று மருந்து இருக்கு.

அந்த நண்பர் இன்னொண்ணும் கேட்டிருந்தார்: திண்டிவனத்துல எந்த மெடிக்கல்ல கேட்டாலும் ஏன் இது இல்லை? அதுக்கு 1985க்குப் போகணும். அந்த வருஷம் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது 10 வருஷம் கடுங்காவல். மருத்துவமனைகள் பயந்துபோய் மார்பின் வாங்கறதையே விட்டுடுச்சு. மாநிலத்துக்கு மாநிலம் தனி விதி, லைசென்ஸ் மேல லைசென்ஸ். 1997ல நாடு முழுக்கச் செலவானது வெறும் 18 கிலோ, 1985ஐ விட சுமார் 97 சதவீதம் கம்மி. இத்தனைக்கும் மருந்துக்காக அபினைச் சட்டப்படி பயிர் பண்ணி ஏற்றுமதி செய்யற நாடு நம்மது! திருவக்கரை மாதிரி புதுச்சேரி எல்லையை ஒட்டின ஊருக்கு இதுல கூடுதல் சிக்கல், பக்கத்துல இருக்கற ஜிப்மர் வேற ஆட்சிப் பகுதி. திருவனந்தபுரத்து டாக்டர் எம். ஆர். ராஜகோபால் மாதிரியானவங்க பல வருஷம் போராடின பிறகு, 2014ல சட்டத்தைத் திருத்தி நாடு முழுக்க ஒரே விதி ஆக்கினாங்க. இப்போ பயிற்சி பெற்ற டாக்டர் இருக்கற, அங்கீகாரம் வாங்கின மருத்துவமனை மார்பினை வெச்சுக்கலாம். தெருமுனை மெடிக்கல்ல தேடாம, எழுதிக் கொடுத்த இடத்துலயே கேளுங்க.

மாமாவோட பயம் முழுக்கக் கற்பனைன்னும் நான் சொல்ல மாட்டேன். சென்னையில டேபென்டடால் மாத்திரையைப் பொடிச்சு, தண்ணியில கரைச்சு ஊசி போட்டுக்கற பசங்களைப் பத்திச் செய்தி படிச்சிருப்பீங்க. அதுவும் இதே குடும்பத்து வலி மருந்துதான். 2018ல டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டுவந்தப்போ இது அந்தப் பட்டியல்ல இல்லை. மாத்திரையில மருந்து மட்டுமா இருக்கு? அதைக் கட்டியா வெச்சிருக்கற மாவுப் பொருளும் இருக்கு. வாய்வழி போனா வயிறு பார்த்துக்கும். ரத்தத்துல போனா நுரையீரலோட நுண்ணிய குழாய்கள்ல போய் அடைக்கும், ஊசி போட்ட இடம் சீழ் பிடிக்கும், நரம்பு கெட்டுப் போகும்.

வாய்ஸ் நோட்டோட கடைசியில ஒரு வரி இருந்துச்சு. மாமா கல்குவாரியில வேலை, முதுகு வலி, மெடிக்கல்ல கேட்டு ஏதோ 'ஸ்ட்ராங்' மாத்திரை போடறார். பாட்டிக்கு மார்பின் வேண்டாம்னு சொன்ன அதே மாமா! அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்க, டிரமடாலா இருக்கலாம். அது சிலருக்கு வலிப்பையே வரவைக்கும், மனச்சோர்வு மாத்திரை சாப்பிடறவங்க கூடுதலா ஜாக்கிரதையா இருக்கணும். முதுகு வலிக்கு இந்த வகை மருந்து பெருசா உதவறதும் இல்லை. 2023ல ஆஸ்திரேலிய ஆய்வு ஒண்ணுல, புதுசா வந்த முதுகு, கழுத்து வலிக்கு ஆக்ஸிகோடோனும் வெறும் போலி மாத்திரையும் ஒரே மாதிரிதான் வேலை செஞ்சுது. மாமாவுக்கு வேண்டியது ஒரு நல்ல எலும்பு டாக்டரும் ஃபிசியோவும்.

பாட்டியோட மாத்திரையைப் பூட்டின பெட்டியில வைங்க. தினமும் எத்தனை கொடுத்தீங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. மீந்தா மருத்துவமனைலயே திருப்பிக் கொடுத்துடுங்க. இன்னைக்கு ராத்திரி முதல் மாத்திரை கொடுக்கறதுக்கு முன்னாடி, அந்த டாக்டருக்கு ஒரு போன் பண்ணி அளவையும் நேரத்தையும் இன்னொரு தடவை கேட்டுக்குங்க.