வாடகைக்கு ஒரு வீடு

சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ ஏதாவது ஒரு காப்பகத்துக்கோ போய்ச் சேர்ந்தவர் பத்து வருடம் கழித்து ஊர் திரும்ப என்ன வேண்டும்? முழுக்கக் குணமாக வேண்டும் என்பார்கள். பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டியது ஒரு வாடகை வீடும் கூப்பிட்டால் வரும் துணையும்தான்.

2019இல் வெளிவந்த ஹான்ஸ் ஃபவுண்டேஷன் ஆய்வு, நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்த்தது. உள்ளே இருந்தவர்களில் நூற்றுக்கு 36 பேர் ஓராண்டைத் தாண்டியவர்கள். கட்டிக்கொடுத்த பெண் என்றால் பிறந்த வீடு புகுந்த வீட்டைக் கைகாட்டும். புகுந்த வீடு கதவையே திறக்காது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 19ஆம் பிரிவு.

சட்டத்துக்கு முன்பே செய்து காட்டியவர்கள் உண்டு. தெருவில் திரிந்த பெண்களுக்காக 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கியது தி பேன்யன். 2015இல் அது ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. நாலைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். யாரோடு தங்குவது, இன்றைக்கு என்ன குழம்பு, எப்போது கடைக்குப் போவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. உதவிக்கு ஒரு பெண் இருப்பார். மருத்துவக் குழு வந்து பார்த்துப் போகும். கேரளம், அசாம், மகாராஷ்டிரம் வரை இந்த முறை போயிருக்கிறது.

அக்கம்பக்கம் பயப்படாதா? பயப்படும். காசநோய்க்கும் அப்படித்தான் பயந்தார்கள். 1956இல் சென்னையில் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தது. 1959இல் முடிவு வந்தது: வீட்டிலிருந்தவர்களும் அதே அளவுக்குத் தேறினார்கள், வீட்டாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகமே காசநோய் வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய செய்தி இது.

நம் பகுதியில் பாதி வேலை ஏற்கெனவே நடக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த சாமனப்பள்ளியில். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வரும் பெண்ணை இன்று எல்லோருக்கும் தெரியும். படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு நோவு தணிக்கும் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. அம்மாப்பேட்டையில் தறிச்சத்தம் கேட்கும் ஒரு லைன் வீட்டுக்கும், திருச்செங்கோட்டில் ஒரு சந்துக்கும் இதே வழியில் மனநல உதவியைக் கொண்டுபோக முடியும்.

சிக்கல் பணம் நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஒதுக்கீடு படுக்கைக்கு வருகிறது. ஆள் வெளியேறினால் கூடவே போவதில்லை. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, காப்பகத்திலிருந்து வீடு திரும்புகிறவரைப் பணமும் தொடர்ந்து போக வழி செய்தது. இங்கே அது நடக்க வேண்டுமானால் வீட்டு அட்வான்ஸ், மாத வாடகை, உதவியாளர் சம்பளம் மூன்றும் மாவட்டக் கணக்கில் ஏற வேண்டும். புது முகவரியில் அவர்கள் பெயருக்கே ரேஷன் கார்டும் கிடைக்க வேண்டும்.