துலைக்கே போறியள்?

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



மேடையில் ஏறியவுடன் எமது நா வேறு தமிழுக்கு மாறிவிடுகிறது. வீட்டிலே "எப்பன் அரக்கி இரு மோனை" என்று சொன்ன அதே வாய், ஒலிபெருக்கியைக் கண்டதும் "சற்றே விலகி அமர்க" என்கிறது. மேடைத் தமிழை நாம் குறைகூறவில்லை. இப்போது பேசுவதும் அதுதானே! ஆயின் வீட்டுத் தமிழைச் சிதைந்த தமிழென்று எண்ணிப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒளித்துவைக்கும் வழக்கம் எம்மிற் பலரிடம் உண்டு. யாழ்ப்பாணத்துப் பழைய பேச்சுமொழிகள் சிலவற்றை இன்று எடுத்துக்கொண்டது அதன் பொருட்டே.

வழியிலே போகிறவரை "எங்கே போகிறீர்?" என்று கேட்பது எம்மவருக்கு ஆகாது. போகிற காரியம் கெட்டுவிடும் என்பது நம்பிக்கை. கேளாமல் விடவும் மனம் வராது. ஆகவே படலையடியில் நிற்கும் ஆச்சி, "துலைக்கே போறியள்?" என்பார். தொலைவுக்கோ என்பதே துலைக்கே ஆயிற்று. கேட்டது இடத்தையன்று, தூரத்தை. போகிறவரும் இலேசுப்பட்டவரல்லர். "இல்லையணை, உதிலைதான்" என்று சொல்லி நடையைக் கட்டுவார். கேள்வியும் முடிந்தது, மறுமொழியும் முடிந்தது. செய்தி மட்டும் ஒன்றுமில்லை. ஆனாலும் இருவருக்கும் மனம் நிறைந்துவிடும்.

அந்த "உதிலை" என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அ, இ, உ என்ற மூன்றையும் சுட்டென்று வகுத்தார் தொல்காப்பியர். தமிழகத்துப் பேச்சிலே உகரச் சுட்டு வழக்கொழிந்து நெடுங்காலமாயிற்று. யாழ்ப்பாணத்திலோ எழுத்தறியாத கிழவியும் அது, இது, உது என்னும் மூன்றையும் இடமறிந்து வழங்குவார். என் கையிலிருப்பது இது, உம்முடைய கையிலிருப்பது உது. பள்ளிக்கூடத்திலே கொச்சையென்று அடித்துத் திருத்தப்பட்ட சொல்லுக்குள் தொல்காப்பியச் சுட்டு இருந்திருக்கிறது.

துன்பத்தின்மேல் துன்பம் வந்தவரைக் கண்டால், "பனையாலை விழுந்தவனை மாடேறி மிதிச்ச மாதிரி" என்பார்கள். பிற இடங்களில் மரத்திலிருந்து விழுகிறவன் இங்கே பனையிலிருந்து விழுகிறான். அதுவும் "பனையாலை" விழுகிறான். வீட்டாலை வருகிறவன், பஸ்ஸாலை இறங்குகிறவன் போல. "காவோலை விழக் குருத்தோலை சிரிச்சதாம்" என்பதும் பனங்கூடலிலே பிறந்த மொழி. காய்ந்த ஓலை விழும்போது உச்சியிலே நிற்கும் குருத்துக்குச் சிரிப்பு. இதற்கு உரை வேண்டுமோ? இளைஞர் சங்கத்தில் இதைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

இன்னொன்று எல்லாரும் அறிந்தது: "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும்." ஆங்கிலேயர் ஆட்சியிலே, ஆண்டு முழுதும் ஓடும் ஆறொன்றில்லாத இக்குடாநாட்டிலே, மாதச் சம்பளமும் முடிவிலே பென்சனும் தந்த அரசாங்க வேலையை எம்மவர் எப்படி மதித்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின் அந்தக் கதவு ஒடுங்கிற்று. பழமொழி மட்டும் ஒடுங்கவில்லை. கதிரை, மேசை, அலுமாரி என்று பறங்கியர் விட்டுப்போனவையும் கந்தோர் என்று ஒல்லாந்தர் விட்டுப்போனதும் போலக் கோறணமேந்தும் எம்முடையதாகிவிட்டது.

இவற்றைப் பெரியோர் முன்பே மதித்திருக்கின்றனர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட நானாடகத்திலே நாடக மாந்தர் வாயில் இந்தப் பேச்சையே வைத்தார். அதிலொரு நாடகத்தின் பெயரே முருகன் திருகுதாளம். திருகுதாளமென்றால் தந்திரம், புரட்டு. பேய்க்காட்டுகிறவன் கையாளும் வித்தை.

இனி, இவை ஏன் மறைகின்றன? இளைஞருக்குத் தமிழ்ப்பற்றுக் குறைந்துவிட்டதென்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. நாம் அப்படி எண்ணவில்லை. சொல் ஒரு தொழிலிலே தொங்கிக்கொண்டிருக்கிறது. தொழில் போனால் சொல்லும் விழும். கிணற்றடியிலே ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் வாய்க்காலிலே தண்ணி மாறினார். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் இம்மூன்று வேலைச் சொற்களும் கிழவர் வாயிலே ஒதுங்கின. கிடுகுவேலி போய் மதில் வந்த ஒழுங்கைகளிலே, கதியாலை அரக்கி எல்லையைத் தள்ளுகிறவனைப் பற்றிய ஏச்சுக்கு இடமேது?

அதற்குமேல் இடப்பெயர்வு. 1983க்குப் பின் எத்தனையோ குடும்பங்கள் கடல் கடந்தன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டு நடந்தனர். ஆச்சிமார் சொற்களை மடியிலே கட்டிக்கொண்டு போயினர். பனையையும் துலாவையும் கொண்டுபோக முடியவில்லை. ரொறன்ரோவிலே காவோலையைக் காணாத பேரப்பிள்ளைக்குக் குருத்தோலை ஏன் சிரித்ததென்று எப்படி விளங்கும்?

ஆகவே சேர்ப்பதற்கும் ஒரு முறை வேண்டும். "ஆச்சி, ஒரு பழமொழி சொல்லணை" என்று கேட்டால் அவருக்கு ஒன்றும் வராது. "எனக்கென்ன தெரியும்" என்பார். "வேலி எப்படி அடைச்சனீங்கள்?" என்று கேளுங்கள். கிடுகும் கதியாலும் குத்தூசியும் வரும். குத்தூசி பிடித்தவனோடு பட்ட சண்டையும் வரும். சண்டையோடு மொழிகள் தாமே வரும்.

ஒன்றை மறைக்கக்கூடாது. வருகிற மொழிகளிலே சாதியைச் சொல்லி இழிப்பவையும் பெண்களைத் தாழ்த்துபவையும் இருக்கும், குறைவாகவும் அல்ல. அவற்றையும் எழுதிவைக்கவேண்டும், இந்த ஊர் எப்படி இருந்ததென்பதற்கு அவையும் சாட்சி. மலரிலே அழகுக்காக அச்சிடுவது வேறு காரியம்; அதற்கு நாம் உடன்படோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு கொப்பி கொண்டுவாருங்கள். சொல்லை மாத்திரம் எழுதாதேயுங்கள். எந்த ஊர், சொன்னவருக்கு எத்தனை வயது, என்ன தொழில், எதைக் கண்டு அதைச் சொன்னார் என்பவற்றையும் பக்கத்திலே குறியுங்கள். சொன்னபடியே எழுதுங்கள், "துலைக்கே" என்பதைத் "தொலைவுக்கோ" என்று திருத்திவிடாதேயுங்கள்.